கதவைத் தட்டும் இரண்டு பேர்

அமெரிக்காவுல ஒரு ஃபெடரல் வழக்கு எப்படி ஆரம்பிக்குது? கோர்ட்டுலன்னு நினைப்போம். பல வழக்கு வீட்டு வாசல்லயே ஆரம்பிச்சிடுது.

ஜேம்ஸ் ப்ரோகன் ஒரு தொழிற்சங்க நிர்வாகி. 1993-ல் ரெண்டு ஃபெடரல் அதிகாரிகள் முன்கூட்டிச் சொல்லாம அவர் வீட்டுக்கு வந்தாங்க. கொஞ்சம் பேசிட்டு, "இந்தக் கம்பெனிகிட்ட இருந்து பணமோ பரிசோ வாங்கினீங்களா?"ன்னு கேட்டாங்க. அவர் சொன்னது ஒரே சொல்: "இல்லை." கம்பெனியோட கணக்குப் புத்தகம் ஏற்கெனவே அவங்க கையில இருந்தது. பதில் தெரிஞ்சேதான் கேட்டிருக்காங்க.

பணம் வாங்கினது ஒரு குற்றம். அந்த "இல்லை" தனியா இன்னொரு குற்றம். 1998-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தின் 18-ஆம் தலைப்பு, 1001-ஆம் பிரிவு: வழக்குக்கு முக்கியமான விஷயத்துல, தெரிஞ்சே ஃபெடரல் அதிகாரிகிட்ட பொய் சொன்னா ஐந்து வருஷம் வரை சிறை. சத்தியம் பண்ணியிருக்கணும்னு அவசியம் இல்லை.

"உங்க உரிமைகளைப் படிச்சுக் காட்டுவாங்களே, படத்துல பாத்திருக்கோமே"ன்னு கேட்பீங்க. அது காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான். உங்க சோபாவுல உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டுக் கேட்டா அது பொருந்தாது.

மார்த்தா ஸ்டூவர்ட் நினைவிருக்கா? பங்கு விற்ற விவகாரத்துல 2004-ல் ஐந்து மாதம் சிறை. ஆனா உள்தகவலை வச்சு வியாபாரம் பண்ணினதா அவர் மேல கிரிமினல் குற்றச்சாட்டே கிடையாது. விசாரணையைத் தடுத்தது, பொய் சொன்னது, அதுக்குச் சதி செய்தது, இதுக்காகத்தான் தண்டனை.

சரி, அதுக்கப்புறம் என்ன நடக்கும்? எஃப்.பி.ஐ. விசாரிக்கும், குற்றம் சாட்டாது. அந்த முடிவு ஃபெடரல் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துடையது. பெரிய குற்றமா இருந்தா 'கிராண்ட் ஜூரி' முன்னால வைக்கணும். 16 முதல் 23 பொதுமக்கள். அதுல குறைந்தது 12 பேர் சம்மதிக்கணும். உள்ளே நீதிபதி இருக்கமாட்டார், உங்க வக்கீலும் இருக்கமாட்டார். அரசுத் தரப்புக் கதை மட்டும்தான் அங்க கேட்கும். அதுக்கப்புறம் பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே போகாது; குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிஞ்சிடும். சிறைக்குப் போனா, 1987 நவம்பருக்குப் பிறகு செய்த ஃபெடரல் குற்றங்களுக்கு பரோல் கிடையாது. நன்னடத்தைக்காகக் கொஞ்ச நாள் கழியும்.

இவ்வளவு பெரிய இயந்திரத்துல உங்க கையில இருக்கிற பிடி அந்த வாசல்படி நேரம் மட்டும்தான். நம்ம ஆளுங்க இங்கதான் சறுக்குவாங்க. வீடு தேடி வந்த அதிகாரிகிட்ட பேசாம இருந்தா மரியாதைக் குறைவு, வக்கீலைக் கூப்பிட்டா தப்பு பண்ணின மாதிரி ஆயிடும்னு ஒரு எண்ணம். பயத்துல சும்மா ஒரு "இல்லை" சொல்லிடுவோம். விசாவுல இருக்கிறவங்களுக்கு அந்த ஒரு சொல் ஊர் திரும்புற டிக்கெட்டாவே ஆகலாம்.

பொய் சொல்லாதீங்க. பேசியே ஆகணும்னும் இல்லை. "உங்க கார்டு கொடுங்க சார், என் வக்கீல் உங்ககிட்ட பேசுவார்." மரியாதையான வாக்கியம்தான். வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வையுங்க, கதவைத் திறக்கிறது அம்மாவாகவும் இருக்கலாம்.

இது பொதுவான தகவல்தான். உங்க விஷயத்துக்கு ஒரு வக்கீலைப் பாருங்க. அடுத்த பகுதியில ஜாமீன் பற்றிப் பேசுவோம்.