மதகு பெரிதானால் போதுமா?



சில ஆண்டுகளுக்கு முன்னர், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு என் பழைய மாணவர் ஒருவரின் காரில் சென்றேன். அவர் கடலூரில் பட்டறை வைத்திருப்பவர். “ஐயா, இந்த எஞ்சினின் பலத்தை நானே கூட்டியிருக்கிறேன்” என்று பெருமையுடன் கூறினார். புதுச்சத்திரம் தாண்டியதும் முன்னே சென்ற லாரியைக் கடக்க முற்பட்டார். பாதி கடந்த நிலையில் எஞ்சின் சட்டெனச் சோர்ந்தது. எதிரே ஒரு பேருந்து! லாரி ஓட்டுநர் ஒதுங்கி வழிவிட்டார். ஆகவே இன்று உங்களுடன் பேசுகிறேன்.

நேர்ந்தது என்ன? அது டர்போ பொருத்திய கார்; பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் வகை. வெளியேறும் புகையின் வேகத்தால் டர்போவின் சக்கரம் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிக வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. பாரம் மிகுந்த வேளையில் பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறிப் பிஸ்டனே உருகிவிடக்கூடும்.

பீச்சுவதற்குக் கிடைக்கும் நேரமோ மிகச் சிறிது. எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 முறை சுழன்றால், ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குதான். அதற்குள் வேலை முடிய வேண்டும். ஆதலால் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல் 200 மடங்கும், அதற்கு மேலும் அழுத்தம் வேண்டியிருக்கிறது.

இதற்கு இரண்டு பம்புகள் உண்டு. பெட்ரோல் தொட்டிக்குள் உள்ள மின்சாரப் பம்பு, ஏறக்குறைய ஐந்து மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்புகிறது. எஞ்சினோடு இணைந்த இரண்டாவது பம்பு, அதனைப் பெற்று உயர் அழுத்தம் ஊட்டுகிறது. நண்பர் மாற்றியது இரண்டாவதை மட்டுமே. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள உந்துதண்டு இருந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் தண்டு வந்தது. பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அன்றோ? 64 இருந்த இடத்தில் 100. ஒவ்வொரு வீச்சிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் பெட்ரோல் கேட்டது புதிய பம்பு. கொடுக்க வேண்டிய முதல் பம்போ பழையதே.

நம் மாவட்டத்து மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கீழணையிலிருந்து வடவாறு நீர் கொணர்ந்தால்தான் வீராணம் நிறையும். வடவாற்றில் நீர் குறைந்திருக்க, ஏரியின் மதகை மட்டும் அகலமாக்கினால் கடைமடைக்கு நீர் பாயுமா?

அழுத்தம் சரிந்ததைக் காரின் கணினி உணர்ந்து, எஞ்சினின் பலத்தைக் குறைத்தது. கணினி எஞ்சினைக் காத்தது. எங்களைக் காத்தவர் லாரி ஓட்டுநர்.

சிதம்பரத்தில் ஒரு மெக்கானிக், தொட்டியிலிருந்து வரும் குழாயில் அழுத்தமானியைப் பொருத்திக் காரை ஓட்டிப் பார்த்தார். நிற்கும்போது முள் சரியாக நின்றது. பாரம் ஏறியதும் சரிந்தது. கால் மணி நேரச் சோதனை. இதனைச் செய்யாமலே விலை மிகுந்த பம்பை வாங்கியிருந்தார் நண்பர்.

பிழை அவருடையது மட்டுமா? “அழுத்தம் என்றால் என்ன?” என்று வகுப்பில் நான் கேட்டபோது, “ஓரலகுப் பரப்பின்மீது செங்குத்தாகச் செயற்படும் விசை” என்று தவறின்றி ஒப்பித்தவர் அவர். முழு மதிப்பெண் அளித்தேன். ஆனால் ஓர் அழுத்தமானியை அவர் கையில் கொடுத்தேனில்லை. பள்ளி அலமாரியில் ஒன்று இருந்தது. உடைந்துவிடுமோ என்றஞ்சிப் பூட்டியே வைத்திருந்தேன்.

வண்டியை விருப்பம்போல் மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வரம்பு விதித்திருப்பதையும் நண்பர் பின்னரே அறிந்தார். பழைய பம்பையே திரும்பப் பொருத்திவிட்டார். அவர் பட்டறைச் சுவரில் இப்போது ஓர் அழுத்தமானி தொங்குகிறது. எதையும் கழற்றுமுன் பையன்கள் அதைத்தான் எடுக்கிறார்கள்.

மாணவர்களே, உங்கள் பள்ளியிலும் பூட்டிய அலமாரி ஒன்று இருக்கலாம். நாளைக்கே ஆசிரியரிடம் சென்று, அதைத் திறந்து காட்டும்படி பணிவுடன் கேளுங்கள். கருவி உடைந்தால் வேறு வாங்கலாம்.