முல்லைத்தீவுக்கு ஒரு நாள்: கடற்கரை பார்க்க விரும்பும் சகோதரிகளுக்கு

(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 2024ஆம் ஆண்டு, செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பெரிய விடயம் எதையும் பேச நாம் இந்த மேடைக்கு வரவில்லை. ஒன்றுகூடல் முடிந்ததும் முல்லைத்தீவுக் கடற்கரையைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவோம் என்று உங்களில் பலர் சொன்னீர்கள். எப்படிப் போவது, எங்கே இறங்குவது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொலைபேசியில் சொல்லிக் களைத்துப்போனோம். ஒரேயடியாக எல்லாருக்கும் சொல்லிவிடுவது நல்லது என்று செயற்குழு முடிவெடுத்தது.

பாரிஸிலிருந்து வந்திருக்கும் தங்கை ஒருவர் நேற்று இரவு ஒரு கதை சொன்னார். கோடை விடுமுறையில் அவர்கள் லாச்சப்பலுக்குப் பக்கத்திலுள்ள கார் து நோர் நிலையத்தில் ரயிலேறி, லு திரேப்போர் என்ற சின்னக் கடற்கரைப் பட்டினத்துக்குப் போவார்களாம். நகரத்துக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மதில்போல நிற்கும். அதன் உச்சிக்கு ஏற ஒரு சரிவு ரயில் உண்டு, காசில்லை. வருகிறவர்களுக்கென்றே அங்கே ஒரு கந்தோர் இருக்கிறது. உள்ளே போய்ப் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை, வரைபடத்தைக் கையில் தந்துவிடுவார்கள். "முல்லைத்தீவிலும் அப்படி ஒரு கந்தோர் இருக்கா அக்கா?" என்று கேட்டார். நாம் சிரித்துவிட்டோம். எங்கள் ஊரில் பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடைதான் அந்தக் கந்தோர். வரைபடம் கிடைக்காது. ஆனால் நீங்கள் யாருடைய பேத்தி என்பதுவரை கேட்டு அறிந்துகொண்டுதான் வழி சொல்வார்கள்.

முதலில் பாதை. முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை, ஒருகாலமும் இருந்ததில்லை. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2013 புரட்டாசியில் கிளிநொச்சிவரை திரும்பி வந்தது. 2024 தொடக்கத்திலிருந்து மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் பாதைத் திருத்தம் நடந்த காலத்தில் கொழும்பிலிருந்து நேரே வரமுடியாதிருந்தது. ஆகவே பஸ்தான். ஏ9 வீதியிலிருந்து கடலுக்கு இரண்டு வழிகள் பிரிகின்றன. மாங்குளம் சந்தியில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று வழியாக ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பரந்தன் சந்தியில் திரும்பினால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஏறக்குறைய அதே தூரம். போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றது என்று வையுங்கள். இரண்டும் ஒரே நாட்டின் பாதைகள்போல இராது.

மாங்குளப் பாதையில் காடும் குளமும் வயலும். ஆனி, ஆடியில் வந்தால் வழியில் பாலைப்பழம் விற்பார்கள். வாங்குங்கள், ஆனால் பாலில் வாய் ஒட்டும் என்பதை மறந்துபோன அக்காமார் இருக்கிறீர்கள், எண்ணெய் கொஞ்சம் கைவசம் இருக்கட்டும். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில். அதற்குக் கிட்ட கற்சிலைமடுவில், 1803 ஒக்ரோபர் 31இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக வெள்ளைக்காரன் நட்ட கல்லின் கதை உங்கள் சரித்திரப் பாடத்தில் வந்ததுதான். அதற்கு இரண்டு மாதம் முன்னர் அதே பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான் என்பதை அந்தக் கல் சொல்லாது. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வைகாசியில் வருகிறவர்கள் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலை விடக்கூடாது. சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரிலே விளக்கெரித்து, பிறகுதான் வற்றாப்பளையில் பொங்கல். அன்றைக்கு முல்லைத்தீவில் வாகனம் தேடுவது வீண்வேலை. எல்லா வீதியும் வற்றாப்பளைக்குத்தான் போகும். சனத்தோடு சனமாக நடந்துவிடுவதே சுகம். மற்ற நாட்களில் முள்ளியவளையிலிருந்து ஓட்டோ கிடைக்கும். மீற்றர் என்று எதிர்பாராதீர்கள். ஏறமுன்னர் "தம்பி, எவ்வளவு?" என்று கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். யூரோவில் கணக்குப் பார்த்து "இவ்வளவுதானா" என்று சத்தமாகச் சொல்லாதீர்கள். அடுத்த நாள் அதே ஓட்டோவில் ஏறப்போவது இங்கே இருக்கும் நாங்கள்.

பட்டினம் சின்னது. தீவு என்று பெயர் இருந்தாலும் தீவல்ல. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல். பஸ் நிலையத்தில் இறங்கினால் கடற்கரைக்கு நடந்தே போகலாம். காலை வெய்யில் ஏறமுன்னர் போனால் வள்ளங்கள் கரை சேருவதைப் பார்க்கலாம். ஏலம் கூறுகிற இடத்தில் ஓரமாக நில்லுங்கள். அது வேடிக்கை அல்ல, அவர்களுடைய அன்றைய சம்பளம். குளிப்பதைப்பற்றிப் பலர் கேட்டீர்கள். கிழக்குக் கடல் கரையிலேயே ஆழம் காட்டும். வாடைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகை முதல் தைவரை, காலைக்கூட நனைக்கவேண்டாம். மற்ற மாதங்களில் அங்கே நிற்கும் ஒரு தொழிலாளி ஐயாவிடம் கேட்டு, அவர் தலையசைத்தால் மட்டும் இறங்குங்கள். அந்தக் கடற்கரையில் உங்களை இழுத்து எடுக்க வேறு ஒருவரும் காவல் நிற்பதில்லை.

கரையில் நடக்கும்போது நினைவில் வைக்கவேண்டிய ஒன்று உண்டு. எங்களோடு விடுதியில் படித்த பிள்ளைகளில் பலர் அளம்பில், செம்மலை, சிலாவத்தை, முல்லைப்பட்டினம் என்ற கடற்கரைகளிலிருந்து வந்தவர்கள். விடுமுறை முடிந்து வரும்போது பனங்கட்டியும் கருவாடும் கட்டிக்கொண்டு வருவார்கள். விடுதி முழுக்க மணக்கும், மேற்பார்வை செய்த ரீச்சரிடம் ஏச்சும் கிடைக்கும். 2004 மார்கழி 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்குப் பிறகு எங்கள் இடாப்பில் சில பெயர்களுக்கு எதிரே முகவரி எழுத இடம் இருந்தது, எழுதுவதற்கு ஒருவரும் இருக்கவில்லை. முல்லைத்தீவில் சுனாமி நினைவாலயம் இருக்கிறது. நீங்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அங்கே பத்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள். பூ கொண்டுபோக விரும்பினால் இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

இனி, பலர் கேட்கத் தயங்கியது. பரந்தன் பாதையில் திரும்பும்போது பட்டினத்தை விட்டதும் வட்டுவாகல் பாலம் வரும். ஒடுங்கிய பழைய பாலம். எதிரே வாகனம் வந்தால் ஒன்று மற்றதுக்காக நிற்கவேண்டும். ஒருபுறம் நந்திக்கடல், மறுபுறம் பெருங்கடல். மழைக்காலத்தில் களப்பு நிரம்பினால் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள், தண்ணீர் கடலுக்குப் பாயும். இந்தப் பாலத்தைக் கடந்துதான் 2009 வைகாசியில் ஆயிரமாயிரம் சனம் கையில் ஒன்றுமில்லாமல் வெளியே வந்தது. இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் அதில் நடந்தவர்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. 15 வருடமாகியும் அந்த இடத்தில் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்பவர்களை எங்களுக்குத் தெரியும்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாலத்தில் வானை நிறுத்தி, வரிசையாக நின்று படம் எடுக்கவேண்டாம். எடுக்கத்தான் வேண்டுமென்றால் நந்திக்கடலை எடுங்கள், உங்களை அதற்குள் விடாதீர்கள். உங்களோடு கூட வரும் இங்கத்தைய தோழி பேசாமல் இருந்தால் பேசவைக்க முயலாதீர்கள். பேசினால், ஊர் திரும்பும்வரை கேளுங்கள்.

பாலத்துக்கு அப்பால் முள்ளிவாய்க்கால். வைகாசி 18இல் வருகிறவர்கள் அதற்கென்றே வருகிறார்கள், அவர்களுக்கு நாம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மற்ற நாட்களில் அது ஆட்கள் குடியிருக்கிற ஒரு கிராமம். பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவார்கள், கடைகளில் சோடா விற்பார்கள். இறங்கி ஒரு கடையில் ஏதாவது வாங்குங்கள். அந்தக் கடையை நடத்துகிறவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார், குடும்பத்தின் முழுப்பாரமும் அவருடைய தலையில் இருக்கலாம். கதை கேட்கவேண்டாம், மிச்சக் காசை வேண்டாமென்று விட்டுவரவும் வேண்டாம். விலை கொடுத்து வாங்கினால் அதுவே மரியாதை. வீதியை விட்டு வெறும் காணிகளுக்குள்ளும் பற்றைக்குள்ளும் இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் ஒரு அடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஊரவர் நடக்கும் தடத்தை விடாதீர்கள்.

முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பங்குனி 8இல் தொடங்கிய போராட்டம் இன்னும் முடியவில்லை. கேப்பாபுலவில் முகாம் வாசலில் அதே மாத முதலாம் திகதி இருந்தவர்களில் சிலருக்குக் காணி திரும்பியது, சிலருக்கு இல்லை. அந்தத் தாய்மாரைக் கண்டால் வணக்கம் சொல்லி, பக்கத்தில் இருங்கள். மகனின் படத்தைத் தாங்களாகவே காட்டுவார்கள். கமராவை எடுக்கமுன்னர் கேளுங்கள். "அம்மா, எடுக்கட்டோ?" என்ற இரண்டு சொல்லுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவர்களை அவர்கள் நிறையவே கண்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்ட ஒரு அக்கா இடைவேளையில் எம்மிடம் வந்து, "அப்ப நாங்கள் எங்கட ஊருக்கே விருந்தாளியோ?" என்று கேட்டார். ஓம் அக்கா, ஒரு நாளைக்கு வந்து போகிறவர் விருந்தாளிதான், இங்கே பிறந்தவராக இருந்தாலும். அதைக் குறையாக நினைக்கவேண்டாம். அதனால்தான் ஒரு இரவாவது தங்கும்படி கேட்கிறோம். காலையில் வந்து கடலைப் பார்த்து மாலையில் யாழ்ப்பாணம் ஓடுகிற குளிர்சாதன வானுக்கு முல்லைத்தீவில் ஒரு சதமும் இறங்காது. தங்கினால் இரவுச் சாப்பாடு, காலைத் தேத்தண்ணி, ஓட்டோ, மீன் எல்லாம் அந்த ஊருக்கே. நந்திக்கடல் இறாலைச் சாப்பிட்டவர் திரும்பி வராமல் இருந்ததில்லை என்பது முல்லைத்தீவார் கட்டிய கதை, சோதித்துப் பாருங்கள்.

சங்கம் ஒழுங்குசெய்யும் பஸ் ஞாயிறு அதிகாலை ஐந்தரைக்குப் பாடசாலை வாசலில் நிற்கும். மாங்குளப் பாதையால் போய், திங்கள் பின்னேரம் புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகத் திரும்பும். இருக்கைகள் குறைவு, வயது கூடிய அக்காமாருக்கு முன்னுரிமை. நடுவழியில் பெண்களுக்கு ஏற்ற கழிப்பறை கிடைப்பது கடினம், ஒட்டுசுட்டானில் எமது பழைய மாணவி ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறந்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கோயிலுக்கு ஏற்ற உடுப்பு, சில்லறைக் காசு கொண்டுவாருங்கள். வட்டுவாகல் வழியால் திரும்ப விரும்பாதவர்கள் காரணம் சொல்லத் தேவையில்லை; அவர்களுக்கென்று ஒரு வான் மாங்குளப் பாதையாலேயே திரும்பும். மண்டப வாசல் மேசையில் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன, எதில் வேண்டுமோ அதில் பெயரை எழுதுங்கள்.