சேர்ந்த இடமும் சேராத இடமும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளி நோக்கி வடக்கே செல்லும் வீதியில், உப்புவெளியைக் கடந்ததும் வருவது சாம்பல்தீவு. ஒரு புறம் கடல். மறு புறம் களப்பு. கடற்றொழிலும் தோட்டமும் அவ்வூராருக்குச் சோறு போடுகின்றன. நீண்ட போர்க்காலத்தின் இடப்பெயர்வுகளையும், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையையும் கண்ட கரை அது. அத்தகைய ஊர்களில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாவது அந்த வீட்டுக்கு மட்டுமன்றி அயலுக்கே ஒரு திருநாள்.

அந்தத் திருநாளுக்குப் பின் வரும் ஒரு தவிப்பைப் பற்றியதே இப்பேச்சு. தெளிவுக்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை கடற்றொழில் செய்பவர். மூத்த மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவில் சித்தியெய்துகிறாள். அவளுக்கு உகந்தது விஞ்ஞானப் பட்டப்படிப்பு. அயலிலே கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. எனினும் அவள் நாடிய படிப்பு அவள் கண்ணை இரண்டு தூரத்து ஊர்களுக்குக் கொண்டு செல்கிறது. ஒன்று வந்தாறுமூலை, மற்றையது யாழ்ப்பாணம். விண்ணப்பத்திலே வந்தாறுமூலையை முதலாவதாகவும் யாழ்ப்பாணத்தை இரண்டாவதாகவும் எழுதுகிறாள். வந்தாறுமூலை கிடைக்கிறது, வீடு மகிழ்கிறது.

பின்னர் வெட்டுப்புள்ளிகள் வெளியாகின்றன. யாழ்ப்பாணத்துக்குரிய புள்ளி சற்றே கூடுதலாக இருக்கிறது. ஆயின் அதனையும் அவளுடைய புள்ளி தாண்டியிருக்கிறது. அன்று மாலையே தாயின் தமையனார் வந்து திண்ணையில் அமர்கிறார். "ஏன் தங்கச்சி, பிள்ளை யாழ்ப்பாணத்தை முதலில் போட்டிருக்கலாமே! புள்ளி வீணாய்ப் போய்விட்டதே" என்கிறார். அவர் தீங்கு நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு நித்திரை வரவில்லை.

இந்தத் தவிப்பை ஆராய வேண்டுமாயின், முதலில் அந்தப் புள்ளி எதைச் சொல்கிறது என்று அறிதல் வேண்டும். 2001-ஆம் ஆண்டு முதல் இலங்கையில் இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு மாணவர் பெற்ற மதிப்பெண் அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை, அப்பாடத்தின் மதிப்பெண்கள் பரந்திருக்கும் அளவோடு ஒப்பிட்டுக் காட்டும் எண் அது. பெரும்பாலான படிப்புகளுக்கான இடங்களுள் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் என்று பங்கிடப்பட்டு வந்துள்ளன. அந்த வசதி குறைந்த மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று.

ஆகவே வெட்டுப்புள்ளி என்பது, ஒரு மாவட்டத்திலிருந்து ஓர் ஆண்டில் ஒரு படிப்புக்குக் கடைசியாக இடம் பெற்ற மாணவரின் புள்ளியேயன்றி வேறன்று. அந்த ஆண்டில் எத்தனை பேர் அதனை விரும்பி எழுதினர், எத்தனை இடங்கள் இருந்தன என்பவற்றால் அது ஏறும், இறங்கும். விரிவுரையாளரின் புலமையையோ, ஆய்வுகூடத்தின் சிறப்பையோ, நூலகத்தின் செழுமையையோ அது அளப்பதில்லை. நெரிசல் மிகுந்த கடையில் நல்ல மீன் இருக்கலாம். நெரிசல் குறைந்த கடையிலும் அதே வலையில் பட்ட மீன் இருக்கலாம். கூட்டத்தின் அளவைக் கொண்டு மீனின் தரத்தைச் சொல்லலாகாது. அன்றியும், புள்ளி என்பது செலவழிக்கும் பணமன்று. தேவைக்கு மேல் எஞ்சியது வீணாயிற்று என்று வருந்துவது, ஆற்றைக் கடந்து வந்தவர் தோணியில் இன்னும் பத்து முழம் கயிறு இருந்ததே என்று வருந்துவதை ஒக்கும்.

இனி, அந்த இரண்டு நிறுவனங்களும் எத்துணை வேறுபட்டவை என்று பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921-இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலே, 1974-ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் தொடங்கிற்று. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவராக இருந்தார். விஞ்ஞான பீடமோ தொடக்கத்தில் வட்டுக்கோட்டையிலே, யாழ்ப்பாணக் கல்லூரியின் வளவில் இயங்கியது. கிழக்கிலே, 1981-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் தோன்றிற்று. அதுவும் ஒரு பள்ளிக்கூடத்தின் வளவிலேயே பிறந்தது. விஞ்ஞானமும் விவசாயமுமே அதன் முதற் பாடங்கள். 1986-ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

இரண்டும் பள்ளிக்கூட வளவுகளிலே தவழ்ந்தவை. இரண்டும் போர்க்காலத்தில் மூடியும் திறந்தும், ஆசிரியரை இழந்தும், மாணவரைத் தேடியும் நிலைத்தவை. இரண்டுக்கும் பட்டம் வழங்கும் அதிகாரத்தைத் தந்தது ஒரே நாட்டின் சட்டம். இரண்டுக்கும் மாணவரைத் தெரிவு செய்வது ஒரே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. ஒன்றில் ஒரு துறை வலுவாக இருக்கலாம். மற்றதில் வேறொரு துறை வலுவாக இருக்கலாம். அந்த வேறுபாடுகள் உண்மையே. ஆயினும் ஒரு வாழ்வை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அவையே என்று சொல்ல இடமில்லை.

திருகோணமலை மக்களுக்கு இத்தகைய தெரிவு புதியதன்று. தமிழருக்கென ஒரு பல்கலைக்கழகம் அமைவதாயின் அது யாழ்ப்பாணத்திலா, திருகோணமலையிலா அமைய வேண்டும் என்று 1960-களிலே பெரியதொரு விவாதம் நடந்தது. தமிழரசுக் கட்சியினர் திருகோணமலையை விரும்பினர். யாழ்ப்பாணமே தக்கது என்றோரும் இருந்தனர். 1974-இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் வந்தபோதும் அந்த விவாதம் ஓயவில்லை. ஒரு சமூகமே தன் தெரிவை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தது. இன்று அந்த விவாதத்தை நினைப்போர் சிலரே. ஆனால் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் கோணேசபுரியிலும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கின்றனர்.

அங்ஙனமாயின் மனம் ஏன் தவிக்கிறது? ஒத்த இரண்டு பொருள்களுள் ஒன்றைத் தெரிவது எளிது என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. ஒன்று மிக உயர்ந்து மற்றது மிகத் தாழ்ந்திருந்தால் தெரிவில் வருத்தமேயில்லை. இரண்டும் நிகராக நிற்கும்போதுதான் தராசு நிலைகொள்ளாமல் ஆடுகிறது. எங்கே தவறினாலும் இழப்புக் குறைவோ, அங்கேதான் கவலை அதிகம். இது மனத்தின் விந்தைகளுள் ஒன்று.

1956-ஆம் ஆண்டிலே அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் ஒரு பரிசோதனை நடத்தினார். சில வீட்டு உபகரணங்களைப் பெண்களிடம் காட்டி மதிப்பிடச் செய்தார். பின்னர் இரண்டைக் காட்டி, ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். மீண்டும் மதிப்பிடுமாறு கேட்டபோது, எடுத்த பொருளின் மதிப்பு அவர்கள் மனத்தில் உயர்ந்திருந்தது. விட்டதன் மதிப்புத் தாழ்ந்திருந்தது. இரண்டும் நெருங்கிய மதிப்புடையனவாக இருந்தபோது இம்மாற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. அதாவது, முடிவு செய்தபின் மனம் தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் இயல்புடையது.

அப்படியானால் சிலரின் புண் மட்டும் ஏன் ஆறுவதில்லை? 2002-இல் டானியல் கில்பர்ட், ஜேன் எபர்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புகைப்படக்கலை பயின்றோர் தாம் எடுத்த இரண்டு படங்களுள் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் எனப்பட்டது. ஒரு சாராருக்குச் சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை அளிக்கப்பட்டது; மற்றொரு சாராருக்கு அச்சலுகை இல்லை. சலுகை இல்லாதவரே தம் படத்தை அதிகம் விரும்பினர். சலுகை பெற்றவரோ, இதுவா அதுவா என்று எண்ணி எண்ணி, கையிலிருந்ததைச் சுவைக்க மறந்தனர். பாதி திறந்த கதவு வீட்டுக்குள் குளிரை மட்டுமே கொண்டுவந்தது.

சாம்பல்தீவுத் திண்ணையில் அந்த மாமனார் செய்ததும் இதுவே. சாத்தியிருந்த கதவை அவர் அன்பினாலே திறந்துவிட்டார். அதன் பின் மகள் வந்தாறுமூலைக்குச் செல்கிறாள். முதல் மாதம் விடுதியில் தண்ணீர் குறைகிறது. ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரை விளங்கவில்லை. வீட்டு நினைவு வருகிறது. "யாழ்ப்பாணமாக இருந்திருந்தால்..." என்று மனம் தொடங்குகிறது. ஆனால் அவள் ஒப்பிடுவது ஒரு பல்கலைக்கழகத்தை மற்றொரு பல்கலைக்கழகத்தோடு அன்று. தான் வாழும் இடத்தை, தான் வாழாத இடத்தோடு ஒப்பிடுகிறாள். வாழும் இடத்திலே புழுதி உண்டு, வெயில் உண்டு, கடினமான பாடம் உண்டு. வாழாத இடத்தில் இவை ஒன்றும் இல்லை. ஏனெனில் அங்கே அவளே இல்லை. யாழ்ப்பாணத்து விடுதியிலும் தண்ணீர் குறையும் நாள் உண்டு. அங்கேயும் விஞ்ஞானம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். கற்பனைக் கல்லூரியில் மட்டும் அவை நிகழ்வதில்லை.

இதனால், எந்தத் தெரிவும் ஒன்றே, எங்கே படித்தாலும் வேறுபாடில்லை என்று கூறிவிடலாகாது. 2002-இல் ஸ்டேசி டேல், அலன் குருகர் என்னும் பொருளியலாளர்கள், 1976-ஆம் ஆண்டில் கல்லூரி புகுந்த அமெரிக்க மாணவரை ஆராய்ந்தனர். ஒத்த திறமையுடையோர் பெயர் பெற்ற கல்லூரியிற் படித்தாலும், அதனினும் பெயர் குறைந்த கல்லூரியிற் படித்தாலும், பிற்கால வருமானத்தில் பெரும்பாலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் ஒரு விலக்கு இருந்தது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரியின் தரம் உண்மையிலேயே பயன் தந்தது. வீட்டிலே நூலும் வழிகாட்டியும் உடையவனுக்கு எந்தக் கல்லூரியும் ஒரு துணை. அவை இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியே முழு உலகம். ஆகையால் கடற்றொழிலாளர் ஒருவரின் மகள் தெரிவுக்கு முன் நன்கு விசாரிப்பது அவசியம். எந்தத் துறை நிறைவாக உண்டு, விடுதி கிடைக்குமா, செலவு எவ்வளவு, வீட்டுக்கு வந்து போகும் வழி எது என்பன கேட்கத்தக்க கேள்விகள். கிண்ணியாவிலே 2009-ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலையிலிருந்து கரையோரமாகத் தெற்கே செல்வோர் அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவைக்குக் காத்திருக்க நேர்ந்தது. அக்காலத்தில் வழியும் ஒரு பெரிய காரணமாய் இருந்தது. இன்று அக்காரணத்தின் எடை குறைந்துவிட்டது.

வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராய்ச்சிக்கு உரிய இடம் செயலுக்கு முன் என்பது அதனால் விளங்கும். முன்னே செய்ய வேண்டிய ஆராய்ச்சியைச் செய்யாமல் விட்டுப் பின்னே செய்வதுதான் பல வீடுகளில் தவிப்பாக மாறுகிறது.

பின்னே எழும் ஐயங்களிலும் இரு வகை உண்டு. பெயருள்ள ஐயம் ஒரு வகை. விரும்பிய பாடம் அங்கே இல்லை, உடல்நிலை இடந்தரவில்லை, செலவைத் தாங்க முடியவில்லை. இவை பெயருள்ளவை. இவற்றைக் காலந்தாழ்த்தாமல் உரியவரிடம் சொல்லிப் பரிகாரம் தேடுவதே அறிவு. பெயரில்லாத ஐயம் மற்றொரு வகை. ‘அது இன்னும் நன்றாயிருந்திருக்குமோ’ என்பதற்கு மேல் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. காரணம் கேட்டால் வாய் திறவாத ஐயத்துக்கு மூன்று நான்கு ஆண்டுப் படிப்பைப் பலியிடுவது தகாது.

இந்த இரு ஊர்களையும் திருகோணமலையையும் ஒரே வாழ்வில் இணைத்த பெரியார் ஒருவர் உண்டு. காரைதீவில் 1892-இல் மயில்வாகனனாகப் பிறந்து, மட்டக்களப்பில் கிறித்தவக் கல்லூரிகளிலே படித்தவர்; யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர்; மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தவர்; துறவு பூண்டபின் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவர்; சுவாமி விபுலாநந்தர். அவர் படித்த காலத்தில் இலங்கையில் ஒரு பல்கலைக்கழகமும் இருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக்கு இங்கிருந்தே தோற்றி, 1920-இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். விஞ்ஞானப் பட்டதாரி தமிழிசையை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதினார். எந்த வளவில் நின்றாரோ அந்த வளவிலே கிடைத்ததை முழுமையாக எடுத்துக்கொண்டார். அவரைப் பேரறிஞர் ஆக்கியது இன்ன கல்லூரி என்று எவராலும் சுட்டிக் கூற இயலாது.

வந்தாறுமூலையின் ஆய்வுகூடத்திலே ஒரு நுண்ணோக்கியின் முன் அந்தச் சாம்பல்தீவுப் பிள்ளை அமர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வில்லையின் கீழ்த் தெரியும் உயிரணு, யாழ்ப்பாணத்திலும் அதே உருவில்தான் தெரியும். கண்ணை அதிலே ஊன்றுபவளுக்குப் பாடம் தெரியும். கண்ணை யன்னலுக்கு வெளியே ஓட்டுபவளுக்கு இரண்டிடத்திலும் ஒன்றும் தெரியாது. அடுத்த விடுமுறைக்கு அவள் வீடு திரும்பும்போது, திண்ணையில் அமரும் மாமனார் ‘அங்கே போட்டிருக்கலாமே’ என்று தொடங்காமல், ‘அங்கே என்ன படித்தாய், பிள்ளை?’ என்று கேட்பாராயின், அவள் செய்த தெரிவு சரியானதாவதற்கு அதுவே அவர் செய்யும் பேருதவி.