ஏசி பூட்டும் பிள்ளைக்கு யார் பொறுப்பு?



நம்ம லயத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போறாங்க. கடையில் நிற்கிறவர்களும் உண்டு, கொந்தராத்துக்காரரிடம் ஏசி பூட்டுகிறவர்களும் உண்டு. மூன்றாம் மாடிச் சுவருக்கு வெளியே நின்று செய்கிற வேலை. கால் வழுக்கினால்? கரண்ட் அடித்தால்?

வேலையினால் ஏற்படும் விபத்துக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியவர் வேலை கொடுத்தவரே. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சுமைக்காகத்தான் முதலாளி இன்சூரன்ஸ் எடுக்கிறார். எடுக்காவிட்டாலும் பொறுப்பு அவரை விட்டுப் போகாது.

இன்சூரன்ஸ் கட்டணம் எப்படி வருகிறது? ஆட்களின் மொத்தச் சம்பளத்தையும் வேலையின் ஆபத்தையும் பார்த்துப் போடுகிறார்கள். கந்தோரில் எழுதுகிறவருக்குக் குறைவு, உயரத்தில் ஏறுகிறவனுக்குக் கூட. செலவைக் குறைக்கச் சிலர் கள்ளக்கணக்கு எழுதுவார்கள். பத்துப் பேர் வேலை செய்தால் ஆறு பேரைக் காட்டுவது, சம்பளத்தில் பாதியை மட்டும் புத்தகத்தில் போடுவது. நட்டஈடும் மாதச் சம்பளத்தை வைத்துத்தானே கணக்குப் பார்க்கிறார்கள்! முழுப்பேருக்கு உழைத்த பிள்ளைக்கு அரைப்பேர்க் கணக்குத்தான் மிஞ்சும். செக்ரோலில் பேர் விழாத கதையை உங்களுக்கு நான் சொல்லவா வேணும்?

2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நட்டஈட்டின் உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாவாகக் கூடியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் சேர்க்கப்பட்டது.

தீபாவளிக்குப் பிள்ளை வந்ததும் கேளுங்க: சம்பளச் சீட்டு தர்றாங்களா? முழுச் சம்பளமும் அதில் இருக்கா? இன்சூரன்ஸுக்கென்று ஏதும் வெட்டுறாங்களா? அது முதலாளி கட்ட வேண்டிய காசு. காயம் பட்டால் ஆஸ்பத்திரித் துண்டை மட்டும் எறிந்துவிடாதீங்க. நட்டஈட்டு ஆணையாளரிடம் போகும்போது அது கையில் இருக்கணும்.