யந்திரத்தை நிலைநாட்டும் தொழில்



கோடையில் கிணற்றுப் பம்பு நின்றுவிட்டால், பட்டணத்திலிருந்து ஆள் வரும்வரை பயிர் காத்திராது. யந்திரத்தை வாங்கப் பணம் போதும். அதை நிறுத்தி ஓட்டவும் பழுது நீக்கவும் கைத்தேர்ச்சி வேண்டும். அத்தேர்ச்சி உடையவரையே பிட்டர் என்கிறோம். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின், கோயம்புத்தூர்ப் பிரதேசத்தில் ஆலைகளும் பம்புகளும் பெருகியதற்கு இத்தகைய கைகளே துணை நின்றன.

யந்திரத்தின் ஆயுள் அதை நிறுத்தும் நாளிலேயே பெரும்பாலும் நிச்சயமாகிறது. அஸ்திவாரம் நன்கு இறுகியிருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாராமல் போல்ட்டுகளை முறுக்கினால் அடிப்பாகம் கோணும். மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நில்லாவிடில் பேரிங் சூடேறித் தேயும். பழைய பேரிங்கைக் கழற்றிப் புதியதை மாட்டுவது எளிது. கோட்டத்தைத் திருத்தாவிடில் புதியதும் அவ்வாறே கெடும். கிரீஸ் குறைந்தாலும் தீங்கு, மிஞ்சினாலும் தீங்கு. ஆகவே பழுதைக் காண்பது பாதி வேலை. அதன் காரணத்தைக் காண்பதே முழு வேலை.

இத்தொழிலில் அபாயமும் உண்டு. மின்சாரத்தை நிறுத்தி, ஸ்விட்சைப் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்ட பிறகே யந்திரத்தில் கை வைக்கவேண்டும். உள்ளே ஒருவர் வேலை செய்வதை அறியாது மற்றொருவர் ஸ்விட்சைப் போட்டுவிட்டால், இழந்த விரலை எந்தச் சம்பளமும் மீட்டுத் தராது.

பத்தாம் வகுப்பில் தேறியவர்கள், ஆணாயினும் பெண்ணாயினும், அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் சேர்ந்து 2 ஆண்டுகள் பயிலலாம். பின்னர், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, தொழிற்சாலைகளில் உதவித்தொகை பெற்றுப் பழகலாம். தொடக்கத்தில் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சமதளமாக்குவதிலேயே நாட்கள் பல கழியும். அதில் சலித்து விலகுவோர் உண்டு. ஆயினும் அந்த அரத்தின் மூலமாகவே கை மட்டத்தை அறிகிறது. கணக்கும், வரைபடம் பார்த்து அறியும் திறமும் அத்துடன் சேரவேண்டும்.

எண்ணெய்க் கறை படிந்த கையைத் தாழ்வாகவும், பேனா பிடித்த கையை உயர்வாகவும் எண்ணும் பெற்றோர் இன்னும் பலர். அவர்கள் ஒன்றை நினைக்கவேண்டும். நின்ற பம்பை மீண்டும் ஓடச்செய்பவர் ஒருவர் ஊரிலேயே இருப்பின், அவ்வூரின் பயிர் பட்டணத்தை எதிர்பார்த்து வாடாது. அக்கையே ஒரு குடும்பத்துக்குச் சோறும், ஊருக்கு நீரும் அளிக்கும்.