பெயர் மட்டும் ஊவா

ஐரோப்பாவின் தொழில்முறைப் பனி ஹாக்கி லீக்குகளின் வரவுசெலவையும் எதிர்காலத்தையும் பற்றிய கட்டுரைகள் இக்கருத்தரங்கில் படிக்கப்பட இருக்கின்றன. ஊவா மாகாணத்தின் பதுளையில் கூடி, உறைந்த தரையில் ஆடும் விளையாட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கலாம். நியாயமான கேள்விதான். பனியைப் பற்றிப் பேச நமக்கு ஒன்றுமில்லை; கணக்கைப் பற்றிப் பேச நிறைய உண்டு. ஒரு லீக்கின் வருமானம் எங்கிருந்து வருகிறது, அணி யாருக்குச் சொந்தம், ஊரின் பெயரைச் சூடிய அணி அந்த ஊருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்விகள் ஸ்டொக்ஹோமில் எழுவதைப் போலவே பதுளையிலும் எழுந்துவிட்டன. நாம் அவற்றைக் கேட்காமல் விட்டோம். இந்தத் தலைமையுரை அந்தக் கேள்விகளைப் பற்றியதே.

2012 ஆகஸ்ட் மாதம் ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடர் நடந்தது. ஏழு அணிகள், ஏழு மாகாண அடையாளங்கள். அவற்றுள் ஊவா நெக்ஸ்ட் ஒன்று. ஆகஸ்ட் 31 அன்று, மழை குறுக்கிட்ட இறுதியாட்டத்தில் நாகெனஹிர நாகாஸ் அணியை டக்வேர்த் லூயிஸ் முறையில் வென்று கிண்ணத்தை எடுத்தது ஊவா அணிதான். நாட்டின் மிக வறிய மாகாணங்களில் ஒன்றின் பெயர் அன்றிரவு தொலைக்காட்சி வழியே பல நாடுகளுக்குச் சென்றது. ஆனால் அந்தத் தொடரின் ஆட்டங்கள் எல்லாம் நடந்தது கொழும்பு பிரேமதாச அரங்கிலும் பல்லேகலையிலும். ஊவாவின் அணி ஊவாவில் ஒரு பந்தும் வீசவில்லை. அணிகளை, தலைக்கு 30 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியவை பெரும்பாலும் இந்திய நிறுவனங்கள். தொடரை நடத்தும் உரிமை சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு, உரிமையாளர்கள் வங்கி உத்தரவாதம் தரத் தவறினார்கள். 2013 தொடர் நடக்கவில்லை. அதன் பின் அந்த லீக்கே இல்லை. சாம்பியன் அணி ஓராண்டுக்குள் காணாமற்போனபோது பதுளையில் ஒரு ஊர்வலமோ ஒரு கண்டனக் கூட்டமோ நடக்கவில்லை. நடக்கக் காரணமும் இல்லை. இழந்தது தம்முடையது என்று நினைப்பதற்கு இங்குள்ளவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் தரப்படவில்லை.

இதை நிர்வாகக் கோளாறு என்றோ, சிலரின் பொறுப்பின்மை என்றோ சொல்லித் தள்ளிவிடலாம். நான் அப்படிக் கொள்ளவில்லை. ஐரோப்பியச் சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு வகைமாதிரி என்பது தெரியும். ஜெர்மனியின் ஹனோவர் ஸ்கோர்பியன்ஸ் 2010இல் நாட்டின் சாம்பியன். 2013இல் தன் லீக் உரிமத்தை இன்னொரு ஊரின் கழகத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. செக் தலைநகரின் லெவ் பிராகா, ரஷ்யாவை மையமாகக் கொண்ட கே.எச்.எல். லீக்கில் 2014 வசந்தத்தில் இறுதிவரை சென்றது. அதே கோடையில் பணமில்லை என்று கலைந்தது. ஹம்பேர்க் ஃபிரீசர்ஸ் கதை இன்னும் கூர்மையானது. ஓர் அமெரிக்கப் பெருநிறுவனம் 2002இல் மியூனிக் நகரிலிருந்த தன் அணியைத் தூக்கி ஹம்பேர்கில் வைத்தது. 2016இல் லீக் உரிமத்துக்கு விண்ணப்பிக்காமல் அதை மூடியது. ரசிகர்கள் நிதி திரட்ட முன்வந்தும் முடிவு மாறவில்லை. மூன்றும் வெவ்வேறு நகரச் சூழல்கள், வெவ்வேறு பண அளவுகள். ஆனால் அணியின் இருப்பு ஒரே ஒரு பணப்பையில் தொங்கியது என்பது மூன்றுக்கும் பொது. பையின் வாய் சுருங்கியதும் கிண்ணமும் கூட்டமும் காப்பாற்றவில்லை.

இதற்கு மறுபக்கமும் அதே விளையாட்டில் இருக்கிறது. சுவீடனில் லெக்சாண்ட் என்றொரு சிற்றூர். ஆறாயிரம் பேர் அளவில் வாழும் அந்த ஊரின் ஹாக்கி அரங்கில் ஏழாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் அமரலாம். ஊரைவிட அரங்கு பெரிது! நான்கு முறை நாட்டின் சாம்பியனான கழகம் அது. வடக்கே, சுரங்கத் தொழிலை ஒட்டி வளர்ந்த ஷெலெஃப்டியோ நகரில் மக்கள்தொகை சுமார் 35,000. பதுளை நகரத்தோடு ஒப்பிடத்தக்க அளவு. அந்த நகரின் கழகம் 2013, 2014, 2024 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன். சுவீடனில் விளையாட்டுக் கழகம் தன் ஆட்ட நிறுவனத்தில் வெளியார் முதலீட்டை ஏற்கலாம்; வாக்குரிமையில் பெரும்பான்மை கழக உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. அணியை விற்று வேறு நகருக்குக் கொண்டுபோக எந்த முதலாளியாலும் முடியாது. சுவிட்சர்லாந்தின் பேர்ன் கழகத்தில் அமைப்பு வேறு, அடிப்படை ஒன்று: பதினேழாயிரம் பேர் கொள்ளும் அரங்கை ஆட்டத்துக்கு ஆட்டம் ஊர் மக்களே நிரப்புகிறார்கள், கழகம் உணவகங்கள் நடத்தியும் வருமானம் தேடுகிறது. தொலைக்காட்சி தரும் தொகை அங்கும் வரவுக்கணக்கில் இருக்கிறது. ஆனால் அது நாளை பாதியானாலும் கழகம் செத்துப்போகாது.

ஆகவே என் வாதம் இதுதான். ஒரு தொழில்முறை லீக்கின் எதிர்காலத்தை அதன் வருமானத்தின் பருமன் தீர்மானிப்பதில்லை. அந்த வருமானத்துக்கு எத்தனை வேர்கள், அவற்றில் எத்தனை ஊர் மண்ணில் இருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது. ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்குக்கும், 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்குக்கும் முன்மாதிரி இந்தியாவின் ஐ.பி.எல். 2023 முதல் 2027 வரையான அதன் ஒளிபரப்புரிமை மட்டும் 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோனது. நூற்று நாற்பது கோடி மக்களின் சந்தையில் முளைத்த மரம் அது. அதன் கிளையை வெட்டி இரண்டு கோடிப் பேர் கொண்ட நாட்டில் நட்டால், வெளியிலிருந்து நீர் ஊற்றும் வரைதான் பச்சை. தம்புள்ளை அணியைப் பாருங்கள்: வைக்கிங், ஜயன்ட்ஸ், ஆரா, தண்டர்ஸ், சிக்சர்ஸ் என்று 2020க்கும் 2024க்கும் இடையில் ஐந்து பெயர்கள். ஒரு சிறுவன் தன் அணியின் பெயரைச் சட்டையில் எழுதி முடிப்பதற்குள் அது மாறிவிடுகிறது. லங்கா பிரீமியர் லீக்கின் ஐந்து அணிகளில் ஊவாவுக்குப் பெயரளவிலும் இடமில்லை. அதைக் குறையாகச் சொல்லி இடம் கேட்பவர்கள் உண்டு. பழைய நிபந்தனைகளில் அந்த இடம் கிடைத்தால் அது நமக்கு இலாபமன்று என்பதே என் கருத்து.

நம் மாகாணத்தின் பழைய வரலாறும் இதையே சொல்கிறது. ஆங்கிலத் தோட்டத் துரைமார் காலத்தில் திம்புள்ள, டிக்கோயாவோடு ஊவாவும் ரக்பி அணி வைத்து கிளிஃபர்ட் கிண்ணத்துக்கு ஆடியது. மைதானம், கிளப், ஆட்டக்காரர்கள், செலவு எல்லாம் துரைமாருடையவை. மைதானத்தை வெட்டிச் சமப்படுத்தியவர்களும் புல்லைப் பராமரித்தவர்களும் லயங்களில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர்கள். எல்லைக்கோட்டுக்கு உள்ளே அவர்களுக்கு வேலை உண்டு, ஆட்டம் இல்லை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகி அந்தத் துரைமார் வெளியேறியபின் அவர்களது கழகங்களும் முதல் வரிசையிலிருந்து மறைந்தன. ஒரு வர்க்கத்தின் பணத்தில் நின்ற அணி அந்த வர்க்கத்தோடு போயிற்று.

ஊவாவுக்கு உறுப்பினர்களுக்கே சொந்தமான கழகம் வேண்டும் என்று சொன்னால் எழும் மறுப்புகளை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. முதலாவது, சுவீடன் செல்வ நாடு. 2024 வர்த்தமானியில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாகவே நிர்ணயிக்கப்பட்டிருந்த, கொழுந்து பறிக்கும் தாயிடம் கழக உறுப்பினர் கட்டணம் கேட்பதா என்பது. கேள்வியின் வலியை நான் உணர்கிறேன். ஆனால் பொதுக் காரியத்துக்குச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கும் பழக்கத்தைத் தோட்ட மக்களுக்கு வெளியிலிருந்து யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கச் சந்தா, மரண உதவிச் சங்கம், கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு எடுக்கும் வரி என்று பல தலைமுறையாக அவர்கள் நடத்திவரும் நிதி ஏற்பாடுகள் அவை. இந்த நாட்டில் சந்தா கட்டியவனுக்குக் குரல் உண்டு என்ற தத்துவத்தை மலையகத் தொழிலாளரைவிட நன்றாக அறிந்தவர் குறைவு. குரல் ஒழுங்காகக் கேட்கப்பட்டதா என்பது வேறு விவாதம். கட்டணத்தின் அளவை விட, அதோடு வரும் வாக்குதான் இங்கே பொருள். பதுளையின் சிங்கள, முஸ்லிம் நகரவாசிகளும் வெலிமடை மரக்கறி விவசாயிகளும் சேர்ந்தால்தான் அது ஊவாவின் கழகமாகும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு கணக்கறிந்தவர்களுடையது. பதுளையின் சந்தாவையும் நுழைவுச்சீட்டையும் கூட்டினாலும் ஒரு வெளிநாட்டு நட்சத்திரத்தின் ஒரு வாரச் சம்பளம் தேறாது என்பார்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நட்சத்திரங்களை நம்பி நிற்கும் மூன்று வார லீக் நமக்கு உகந்ததன்று என்கிறேன். கரப்பந்தாட்டமும் காற்பந்தும் தோட்டங்களில் ஏற்கெனவே உயிரோடு இருக்கின்றன. அரைத் தொழில்முறையாக, வேலையும் ஆட்டமும் சேர்ந்து ஓடும் மாகாண லீக் ஒன்றுக்கு அவை போதிய தொடக்கம். தேசிய கிரிக்கெட் லீக் என்றாவது ஊவாவின் பெயரைக் கேட்டு வந்தால், பெயருக்கு ஒரு விலை இருக்க வேண்டும்: சொந்த மண்ணில் ஆட்டம், மாகாணக் கழகத்துக்கு வாக்குரிமையோடு கூடிய பங்கு, தோட்டப் பாடசாலைப் பயிற்சிக்கு ஒப்பந்தத்தில் எழுதிய தொகை. பதுளை வின்சன்ட் டயஸ் மைதானம் அந்தத் தரத்தில் இல்லை என்று உடனே பதில் வரும். ஆட்டம் வரும் என்ற உறுதி இல்லாத இடத்தில் மைதானத் தரம் ஒருநாளும் உயராது.

எல்லாவற்றிலும் கனமானது மூன்றாவது மறுப்பு. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இதே மாவட்டத்தை மீண்டும் மண்சரிவுகளால் பிளந்தது. சரிவுகளுக்கிடையே கிடைக்கும் சமதரை அரிது. அதில் வீடு கட்டுவதா, பந்து அடிப்பதா என்று கேட்டால் வீடு என்பதைத் தவிர வேறு விடை எனக்கும் இல்லை. ஆனால் வீட்டுக்கும் மைதானத்துக்கும் தடையாக நிற்பது ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். தோட்ட நிலம் அரசுக்கு, 1992 முதல் அதன் நிர்வாகம் கம்பனிகளுக்கு. அங்கே வாழ்பவனிடம் உரிமைக் காகிதம் இல்லை. இளைஞர் மன்றம் இருபது வருடம் ஆடிய மைதானத்தில் நாளை தேயிலைக் கன்று நடப்பட்டால் மன்றம் யாரிடம் முறையிடும்? லெக்சாண்டின் பலம் பனியில் இல்லை, பணத்திலும் முதலில் இல்லை. அரங்கின் மீதும் அணியின் மீதும் ஊருக்கு எழுத்தில் உரிமை இருந்தது. அனுசரணையாளரைத் தேடுவதற்கு முன், ஒளிபரப்பு பேசுவதற்கு முன், தோட்டக் கழகம் ஒன்று பெற வேண்டிய முதல் மூலதனம் மைதானத்தைப் பயன்படுத்த நீண்டகால எழுத்துரிமைதான். அது கையில் இருந்தால் சிறு வங்கிக் கடனுக்கும் வழி பிறக்கும், அனுசரணையாளரும் நம்பி வருவார்.

இந்த விடயத்தில் நமக்கு ஆவேசத்தைவிடப் பதிவேடுதான் தேவை. பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை வரை எந்தத் தோட்டத்தில் எந்த மைதானம், எந்தக் கம்பனியின் குத்தகைக்குள், எந்த மன்றம் எத்தனை காலமாக ஆடுகிறது, எந்தக் கடிதத்தின் பேரில் ஆடுகிறது என்ற விவரத்தை இங்கு வந்திருக்கும் ஆய்வாளர்கள் பிரதேசச் செயலகவாரியாகத் திரட்டித் தர வேண்டும். ஐரோப்பாவின் கணக்குப் புத்தகங்களைப் படித்த கையோடு நம் மண்ணின் கணக்கையும் எழுதுங்கள். அந்தப் பொறுப்பை இந்த அவையிடம் ஒப்படைத்து, முதல் அமர்வைத் தொடக்கி வைக்கிறேன்.