ஓட்டு எண்ணிக்கையும் முட்டை விலையும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



போன கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. நேரமாகிவிட்டதால் பதில் சொல்லாமலே கலைந்தோம். ஒன்று, ஸ்பின்னிங் இலாகாத் தோழர் கேட்டது. “1969லேயே சந்திரனில் ஆளை இறக்கிய நாடு அமெரிக்கா. 2020 ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு எண்ணி முடிவு சொல்ல மட்டும் நாலு நாள் ஏன் பிடித்தது? அதில் திருட்டு இல்லையா?” இன்னொன்று, நடவுக்குப் போகிற அம்மா ஒருவர் கேட்டது. “அங்கேயும் விலைவாசி ஏறினால் ஒரு கட்சி இன்னொரு கட்சியைத்தான் கை காட்டுகிறதாமே, யார் சொல்வதை நம்புவது?”

கேட்டவர்கள் வேறு, விஷயமும் வேறு. ஆனாலும் இரண்டையும் சேர்த்தே பேசலாம் என்று நினைக்கிறோம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு இருப்பதுபோல நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்துகிற ஒரே கமிஷன் அங்கே கிடையாது. ஐம்பது ராஜ்யங்களுக்கும் ஐம்பது சட்டம். பெரும்பாலும் ஒவ்வொரு ஜில்லாவும் தானே ஓட்டை எண்ணுகிறது. அந்த ஓட்டுச்சீட்டோ ஜனாதிபதிக்கு மட்டும் உரியதல்ல. செனட்டர், கவர்னர், நீதிபதி, பள்ளிக்கூட போர்டு மெம்பர் என்று பலருக்கும் சேர்த்து ஒரே சீட்டு. மொடக்குறிச்சியில் 1996ல் 1,033 பேர் நின்றபோது ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்களே, நினைவிருக்கும். அவ்வளவு மோசமில்லை. ஆனால் நீளமான சீட்டுதான்.

2020 கொரோனா ஆண்டு. சாவடியில் கூட்டமாக நிற்க ஜனங்கள் பயந்தார்கள். ஏறத்தாழ 15 கோடியே 80 லட்சம் பேர் ஓட்டுப் போட்டதில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தபாலில் போட்டார்கள். தபால் ஓட்டை எண்ணுவது லேசான வேலையல்ல. உறைமேல் உள்ள கையெழுத்தையும் விலாசத்தையும் பதிவேட்டோடு பார்க்க வேண்டும். வெளி உறையைப் பிரித்து, உள் உறையைப் பிரித்து, மடித்த சீட்டை நிமிர்த்தி, பிறகுதான் மிஷினில் விட வேண்டும். புளோரிடாவில் இந்த வேலையை வாரக்கணக்கில் முன்னாலேயே தொடங்கலாம் என்று சட்டம் இருந்தது. அன்று ராத்திரியே அங்கே முடிவு வந்துவிட்டது. பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் ஒரு உறையைக்கூடப் பிரிக்கக் கூடாது என்று சட்டம். பென்சில்வேனியாவில் மட்டும் சுமார் 26 லட்சம் உறைகள்! ஆட்கள் ராப்பகலாக உட்கார்ந்து பிரித்தார்கள். நவம்பர் 3ல் தேர்தல். பைடன் ஜெயித்தார் என்ற செய்தி 7ந் தேதி, சனிக்கிழமை வெளிவந்தது. நாலு நாள் பிடித்த கதை இவ்வளவுதான்.

இந்தத் தாமதத்தைத் தவிர்த்திருக்க முடியாதா? முடியும். சட்டத்தைத் திருத்துங்கள், முன்கூட்டியே பிரிக்க விடுங்கள் என்று பென்சில்வேனியாவின் ஜில்லா அதிகாரிகள் தேர்தலுக்கு முன்பே கெஞ்சினார்கள். சட்டசபை குடியரசுக் கட்சியின் கையில். கவர்னர் ஜனநாயகக் கட்சிக்காரர். இருவரும் பேரம் பேசிக்கொண்டே காலத்தைக் கடத்தினார்கள். திருத்தம் வரவில்லை. சந்தேகம் முளைப்பதற்கு நாலு நாள் இடம் விட்டவர்கள் இவர்கள்தான். இந்தக் குற்றத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இனி, திருட்டுப் புகாருக்கு வருவோம். நம் மில்லில் சங்கத் தேர்தல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகல் ஷிப்ட் பெட்டியை முதலில் எண்ணுகிறோம். ராத்திரி ஷிப்ட் பெட்டி பூட்டியே இருக்கிறது. பகல் ஷிப்ட்டில் செல்வாக்கு உள்ளவர் முன்னால் நிற்பார். அவர் மேஜைமேல் ஏறி, “நான் ஜெயித்துவிட்டேன், மீதிப் பெட்டியைத் தொடாதே” என்றால் ராத்திரி ஷிப்ட்காரன் விடுவானா? டிரம்ப் செய்தது அதுதான். தபால் ஓட்டை நம்பாதீர்கள் என்று மாதக்கணக்கில் தன் ஆட்களுக்கு அவரே சொல்லி வந்தார். அவருடைய ஆட்கள் சாவடிக்குப் போனார்கள். எதிர்த் தரப்பினர் பெரும்பாலும் தபாலில் போட்டார்கள். சாவடி ஓட்டு முதலில் எண்ணப்பட்டதால் பென்சில்வேனியாவில் ராத்திரியில் ஆறு லட்சத்துக்கு மேல் அவர் முன்னணியில் இருந்தார். உறைகள் பிரியப் பிரிய அது கரைந்து, கடைசியில் 80 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். அதற்குள் விடியுமுன்பே மேடையேறி, நாம் ஜெயித்தாயிற்று, ஓட்டு வாங்குவது நிற்க வேண்டும் என்று பேசிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். மறுநாள் டெட்ராய்ட் நகரத்தில் அவருடைய ஆதரவாளர்கள் எண்ணும் மண்டபத்துக்கு வெளியே கூடி, “எண்ணுவதை நிறுத்து!” என்று கோஷம் போட்டார்கள். அதே நாளில் அரிஜோனாவின் பீனிக்ஸ் நகரத்தில் அதே தலைவருடைய ஆதரவாளர்கள், “ஓட்டை எண்ணு!” என்று கோஷம் போட்டார்கள். டெட்ராய்ட் இருக்கிற மிச்சிகனில் அவருடைய முன்னணி கரைந்துகொண்டிருந்தது. அரிஜோனாவில் அவர் பின்தங்கியிருந்து, மேலே வந்துகொண்டிருந்தார். ஒரே நாள், ஒரே கட்சி, இரண்டு கோஷம்!

ஜார்ஜியாவில் மூன்று முறை எண்ணினார்கள். அதில் ஒரு முறை சுமார் 50 லட்சம் சீட்டையும் கையாலேயே எண்ணினார்கள். மூன்று முறையும் பைடன்தான் முன்னால். கடைசிக் கணக்கில் வித்தியாசம் 11,779. அந்த ராஜ்யத்தை அப்போது ஆண்டது டிரம்ப்பின் கட்சிதான். நாடு முழுவதும் அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். முடிவை மாற்றும்படியான திருட்டு எந்தக் கோர்ட்டிலும் நிரூபணமாகவில்லை. அப்படியும் 2021 ஜனவரி 6ல் ஒரு கூட்டம் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. எண்ணும் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்த சாதாரண ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. நம்மைப்போல் கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். தலைவர்கள் பாதுகாப்பாகத்தான் இருந்தார்கள்.

2024ல் என்ன நடந்தது? பென்சில்வேனியாவில் காலை 7 மணிச் சட்டம் மாறவில்லை. தபால் ஓட்டும் இருந்தது. இந்த முறை டிரம்ப் தெளிவாக முன்னணியில் இருந்ததால் மறுநாள் விடியற்காலையிலேயே முடிவு தெரிந்தது. திருட்டு என்ற கூச்சல் அன்றோடு அடங்கிப்போயிற்று. அதே தேர்தலில் கலிபோர்னியாவில் பிரதிநிதிகள் சபைக்கான ஒரு தொகுதியில் டிசம்பர் 3 வரை முடிவு தெரியவில்லை. கடைசியில் ஜனநாயகக் கட்சிக்காரர் 187 ஓட்டில் ஜெயித்தார். அவ்வளவு குறைந்த வித்தியாசத்துக்கு ஒரு மாதம் செலவழித்ததை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

களத்துமேட்டில் நெல் அளந்து கூலி வாங்கிய பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். “லாபம், ரெண்டு, மூணு” என்று பண்ணை ஆள் மரக்காலை வேகமாகத் தள்ளிக்கொண்டே போவான். பக்கத்தில் நிற்கிற நம் ஆள்தான், “நிறுத்தய்யா, அது ஏழா எட்டா?” என்பான். வேகத்தைப் பற்றி நம் ஜனங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அளக்கிற இடத்தில் நம் ஆள் நிற்கிறானா, அளந்தது துண்டில் ஏறுகிறதா என்றுதானே பார்த்தோம்?

நம் நாட்டிலும் அதுதான் கேள்வி. 2024 ஏப்ரல் 19ல் தமிழ்நாடு ஓட்டுப் போட்டது; ஜூன் 4ல்தான் எண்ணினார்கள். பெட்டி 46 நாள் பூட்டிக் கிடந்தது. எண்ணுவதோ ஒரே நாளில் முடிந்துவிட்டது. அந்தக் காத்திருப்பை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. முதல் கட்டத்தில் எத்தனை சதவிகிதம் பேர் ஓட்டுப் போட்டார்கள் என்ற முடிவான கணக்கைக் கமிஷன் வெளியிடவே ஏப்ரல் 30 ஆயிற்று. எத்தனை ஓட்டு என்ற எண்ணிக்கையை மே 25ல்தான் கொடுத்தார்கள். சாவடி ஏஜெண்டின் கையில் தருகிற 17சி பாரத்தின் விவரத்தை எல்லோருக்கும் வெளியிடு என்று சுப்ரீம் கோர்ட் வரை கேட்க வேண்டியிருந்தது. நம் ஏஜெண்டுகள் அந்தப் பாரத்தைக் கையெழுத்தோடு வாங்காமல் சாவடியை விட்டுக் கிளம்பக் கூடாது என்று ஒவ்வொரு தேர்தலிலும் தொண்டை வலிக்கச் சொல்வது இதனால்தான். இருந்தும் சிலர் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்!

அடுத்து, அந்த அம்மாவின் கேள்வி.

2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே மாதத்தில் 2 கோடி வேலைகள் போயின. வேலையில்லாதோர் நூற்றுக்கு 14க்கு மேல். அப்போது ஜனாதிபதி டிரம்ப். கொரோனாவை அவர் உண்டாக்கவில்லை. அந்தக் கஷ்டத்துக்கான கோபம் முழுவதும் அவர்மேல் விழுந்தது. ஜனங்கள் பட்டினி கிடக்காமலிருக்க டிரம்ப் சர்க்காரும் பிறகு பைடன் சர்க்காரும் வீடுதோறும் பணம் அனுப்பின. பிறகு கடைகள் திறந்தன. சரக்கு வந்து சேரவில்லை, கப்பல்கள் துறைமுகத்தில் தேங்கின. 2022 பிப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கி எண்ணெயும் கோதுமையும் ஏறின. 2022 ஜூனில் அங்கே விலைவாசி ஒரு வருஷத்தில் நூற்றுக்கு 9.1 ஏறியிருந்தது. நாற்பது வருஷத்தில் காணாத ஏற்றம். பைடன்தான் காரணம் என்றார் டிரம்ப். புடின் காரணம், கம்பெனிகளின் பேராசை காரணம் என்றார் பைடன்.

இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பொருளாதார நிபுணர்கள் பலகாலம் தர்க்கித்தார்கள். 2021ல் பைடன் கொட்டிய பணமும் கொஞ்சம் சேர்ந்தது என்று அவருடைய கட்சியைச் சேர்ந்த நிபுணர்களே சொன்னார்கள். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது மட்டுமே காரணமென்றால் பிரிட்டனை என்ன சொல்வது? அங்கே வலதுசாரிக் கட்சி ஆண்டது. 2022 அக்டோபரில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு 11.1. அந்தக் கட்சி 2024 ஜூலையில் படுதோல்வி அடைந்தது. பிரிட்டனில் ராத்திரி 10 மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்து, காலையில் முடிவு தெரிந்துவிட்டது. யார் சிம்மாசனத்தில் இருந்தார்களோ அவர்களை ஜனங்கள் உதைத்தார்கள். ஜனங்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.

2024 முடிவில் அமெரிக்காவில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு மூன்றுக்குள் இறங்கிவிட்டது. பொருளாதாரம் நன்றாயிருக்கிறது என்று ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் கணக்குக் காட்டினார்கள். ஏறும் வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை இறங்கவில்லை. கடைக்குப் போகிற பெண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியும். மந்திரிகளுக்குத் தெரியவில்லை.

இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று கை காட்டியபோது, மேஜைமேல் வராத கணக்கு ஒன்று இருந்தது. அந்நாட்டின் மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அது 2009 ஜூலையில் வந்தது. ஒபாமா வந்தார், டிரம்ப் வந்தார், பைடன் வந்தார். 2024 தேர்தல் வரை அது ஒரு காசுகூட உயரவில்லை. சில ராஜ்யங்கள் தாமாக உயர்த்தின. உயர்த்தாத ராஜ்யங்களும் பல. பஞ்சப்படிக்காகப் போராடி வாங்கிய நமக்கு, 15 வருஷம் அசையாத கூலி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக முட்டை. பதவியேற்ற முதல் நாளிலிருந்தே விலையைக் குறைப்பேன் என்று சொல்லித்தான் டிரம்ப் 2025 ஜனவரியில் வந்தார். மார்ச்சில் ஒரு டஜன் முட்டை சராசரி 6.23 டாலர், அதுவரை இல்லாத விலை. கோழிகளைக் கொன்றது பைடன் சர்க்கார் என்றது புது சர்க்கார். வாக்குறுதி என்னாயிற்று என்றது பழைய கட்சி. பறவைக் காய்ச்சலில் 2022 முதல் 15 கோடிக்கு மேற்பட்ட பறவைகள் அழிந்தது உண்மை. மார்ச் தொடக்கத்தில் முடிந்த மூன்று மாதத்தில் அந்நாட்டின் மிகப் பெரிய முட்டைக் கம்பெனியின் லாபம் முந்தைய வருஷத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் போனதும் உண்மை. பெரிய முட்டைக் கம்பெனிகள்மேல் சர்க்கார் விசாரணை தொடங்கியது. நோய் தணிந்ததும் விலை இறங்கத் தொடங்கியது.

அம்மா கேட்ட கேள்விக்காக நாங்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 7.25 டாலர் வாங்குகிற தொழிலாளி, 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டை வாங்க 51 நிமிஷத்துக்கு மேல் வேலை செய்திருக்க வேண்டும். அந்த 51 நிமிஷத்தைப் பற்றி இரண்டு கட்சி மேடையிலும் யாரும் பேசியதாக நாங்கள் படிக்கவில்லை.